வெந்நீர்த் துண்டும் வானிலை அறிக்கையும்

சலூன்காரருக்கு ஒரே ஒரு ஆசைதான். தான் எழுதும் பேய்க்கதையைப் படித்து யாராவது ஒருத்தர் நிஜமாகவே பயப்பட வேண்டும். இணையத்தில் கதை போடும் தளம் ஒன்றில் மாதக்கணக்கில் எழுதித் தள்ளினார். தலைவிரிகோலமாக வந்த பேய்களுக்குக் கணக்கில்லை. பதிலுக்கு வந்ததெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

அதுதான் அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கதையையும் கடையில் சொல்லிப் பார்த்த பிறகுதான் போடுவார். சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். பிடரிமயிர் சிலிர்த்ததைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர் அவர்.

"தொண்டையில கத்திய வச்சுக்கிட்டு எதைச் சொன்னாலும் சிலிர்க்கும் மாமா," என்றான் மச்சான். மனைவியின் தம்பி. பக்கத்து நாற்காலி அவனுடையது. "வேணும்னா வானிலை அறிக்கை சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தார். வங்கி மேலாளரின் தாடையை நிமிர்த்திக் கத்தியை வைத்து, "நாளைக்கு லேசா மழை பெய்யலாம்," என்றார். மேலாளர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அத்தோடு சொந்தச் சரக்கின்மேல் இருந்த நம்பிக்கை போயிற்று. மற்றவர்கள் எப்படித்தான் பயமுறுத்துகிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தார். 'ஈரச்சுவர்' என்ற புனைபெயரில் ஒரு அம்மாள் எழுதுவார். அவர் கதையில் பேயே வராது. காலியான லிஃப்டில் ஒரு பெண் தனியாக ஏறுவாள், 'ஆள் அதிகம்' என்று விளக்கு எரியும், அவ்வளவுதான். அதைப் படித்ததிலிருந்து சலூன்காரர் எங்கே போனாலும் படியேறித்தான் போனார்.

"அந்தம்மா தினம் ஏறி இறங்குற லிஃப்டையே எழுதிட்டாங்க மச்சான். நமக்குன்னு என்னடா இருக்கு? பாழடைஞ்ச பங்களா?"

"நாம எப்ப மாமா அங்க போனோம்? நமக்கு இருக்கறது சீப்பும் கத்திரியும்தான்."

சலூன்காரர் கடையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி, கத்தி, ஆவி பறக்கும் வெந்நீர்த் துண்டு. கண் துண்டில் நின்றது.

ஒரே மூச்சில் எழுதிவிட்டார். ஒருவர் முகத்தில் வெந்நீர்த் துண்டோடு சாய்ந்திருக்கிறார். இரண்டு கைகள் இதமாகத் தலையைப் பிடித்துவிடுகின்றன. அப்போது வாசலிலிருந்து கடைக்காரர் குரல் கேட்கிறது: "மன்னிச்சுக்குங்க சார், ஒரு போன் வந்துச்சு. இப்ப ஆரம்பிக்கலாமா?" கைகள் நிற்கவில்லை.

அன்றைக்கே கருத்துகள் கொட்டின. ஒரு மஞ்சள் முகம்கூட இல்லை. 'இனி சலூனில் கண்ணை மூட மாட்டேன்' என்று எழுதியிருந்தது சாட்சாத் ஈரச்சுவர். சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமை பிடிபடாமல் கதையைக் கடை வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அனுப்பிவைத்தார்.

அங்கேதான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டார். துண்டு விழுந்ததும் குறட்டை விடும் வங்கி மேலாளர், "துண்டு வேணாம். அப்புறம் நீங்கதான்னு தெரியற மாதிரி பேசிக்கிட்டே இருங்க," என்றார். அடுத்து வந்தவர் வாசலிலேயே நின்று, இரண்டு பேர் கைகளையும் பார்த்துவிட்டு, தாடி வளர்க்கப் போவதாகச் சொல்லிப் போனார். வாரக் கடைசியிலும் நாற்காலிகள் காலி.

"கதையை எடுத்துடுங்க மாமா. கடை படுத்துரும்."

"வாழ்க்கையில முதல் தடவையா ஜனங்க பயந்திருக்காங்கடா. எப்படி எடுப்பேன்? பயப்படறவங்களுக்குப் புத்தி வேணாமா? அது வெறும் கதை."

"சரி, உட்காருங்க. உங்களுக்காவது சவரம் பண்றேன்."

உட்கார்ந்தார். வெந்நீர்த் துண்டு முகத்தில் விழுந்தது. இரண்டு கைகள் தலையில் வந்து உட்கார்ந்து, இதமாகப் பிடித்துவிடத் தொடங்கின. சுகமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம்.

"மச்சான்?"

கைகள் நிற்கவில்லை.

"டேய், விளையாடாத. ஏதாவது பேசு."

கைகள் நெற்றிப்பொட்டுக்கு வந்தன. இவ்வளவு சில்லென்றா இருக்கும் அவன் கை? துண்டை எடுத்துவிடலாம். எடுத்துப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

"எடுத்துடறேன்டா! கதையை எடுத்துடறேன், பேசித் தொலை."

பின்னால் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, மிகத் தாழ்ந்த குரலில்:

"நாளைக்கு லேசா மழை பெய்யலாம்."

சலூன்காரர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.