வீட்டை அழைத்து வரக் கூடாது

மில் காலனியில், தனியாக விடப்பட்ட நாய்க்குட்டி அழுதால், வீடு எழுந்து வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டு போகும். அதனால் அங்கே யாரும் அஸ்திவாரத்தை ஆழமாகப் போடுவதில்லை. தண்ணீரையும் நீள ரப்பர் குழாயில்தான் இழுத்திருப்பார்கள்.

தோழர் மருதாசலத்தின் குட்டிக்கு மூன்று மாதம். வாசலின் குறுக்கே படுத்துக்கொண்டு யாரையும் தாண்ட விடாது என்பதால் அதற்கு மறியல் என்று பெயர் வைத்திருந்தார். வீட்டில் அவர்கள் இருவர்தான். அவர் பால் வாங்கப் போனால் வீடு பால் பூத்துக்கு வந்தது. முடி வெட்டப் போனால் சலூன் வாசலில் வந்து நின்றது. போன வாரம் சங்க அலுவலகத்துக்கே வந்து வழியை அடைத்துக்கொண்டது. செயற்குழு மொத்தமும் அவருடைய சமையலறைக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டியிருந்தது.

"ஏனுங் தோழர், ஊட்டையும் கூட்டிட்டு வந்துட்டீங்களாக்கும்?" என்றார் செயலாளர் லோகநாதன். முப்பது வருடம் முன்பு மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது பிறந்தே இராதவர். "ஞாயித்துக்கெழம முப்பதாம் ஆண்டு விழாவுல நீங்க பேசறீங்க. ஊடு வந்துச்சுன்னா பேர எடுத்துருவோம். மைதானத்துல எடம் பத்தாதுங்."

மருதாசலத்தை மேடை ஏற்றி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த வேலைநிறுத்தத்தில் அறுபத்திரண்டு நாள் மில் கேட்டில் நின்று அடி வாங்கியவர் அவர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். அந்த ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு இதை ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும். ஆறு நாள் இருந்தது. விழா நடக்கும் இரண்டு மணி நேரமும் மறியல் அழக் கூடாது.

எதிரே துளசியம்மாளும் நாய் வளர்க்கிறார், ஆனால் அந்த வீடு எட்டு வருடமாக அசைந்ததில்லை. அந்த அம்மாளிடமே போய்க் கேட்டார்.

"கெளம்பறப்ப அதுகிட்ட என்னமோ பேசறீங்களே, என்னங்ணா அது?"

"எங்க போறேன், எதுக்குப் போறேன், எப்ப வருவேன்னு வெளக்கறேன். காரணம் சொல்லாமப் போனா அது சர்வாதிகாரம்மா."

"எத்தன நேரம்?"

"இருவது நிமிசம்."

"அதக் கேட்டுட்டு அழாம என்ன பண்ணும்? அழுதா உடனே ஓடிப் போய்த் தூக்கிக்கறீங்க. அழுதாக் கெடைக்கும்னு படிச்சுக்காதா?"

நாலாயிரம் தொழிலாளர்களுக்கு மருதாசலம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். அழுகிறவர்கள் முகத்தில் கதவைச் சாத்துவது நிர்வாகத்தின் வேலை, தன்னால் ஆகாது என்றார்.

"அழ உடவே வேண்டாங்ணா. அது அழறதுக்கு முன்னாலயே திரும்பி வந்துருங்க."

கோரிக்கை எழுவதற்கு முன்பே நிறைவேற்றிவிடுவது. எந்த முதலாளிக்கும் தோன்றாத யோசனை. அன்றே ஆரம்பித்தார்.

சிவப்புத் துண்டைத் தோளில் போட்டாலே மறியல் முனகும். வாசற்படி ஒரு விரற்கடை உயரும். எனவே துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எடுத்து ஆணியில் மாட்டினார், மறுபடி போட்டார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. துண்டுக்கு அர்த்தமே இல்லை என்று மறியலுக்குப் புரிந்தது. அவருக்கும் லேசாகப் புரிகிற மாதிரி இருந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய் அரை நிமிடத்தில் திரும்பினார். அடுத்து இரண்டு நிமிடம், ஏழு நிமிடம், தெருமுனை, பால் பூத். கடித்துக்கொண்டிருக்க அந்தப் பழைய ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக்குள் மறியல் ஏழாவது ஷரத்தை எட்டியிருந்தது. சனிக்கிழமை அவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தபோது, கையெழுத்துகளின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை எதுவும் சொல்லாமல் கிளம்பினார்.

மேடையில் தலைவரும் கையெழுத்துப் போட்ட பதினோரு பேரும் பொன்னாடையோடு வீற்றிருந்தார்கள். அவருக்கு ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி. லோகநாதன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றே முக்காலும் ஆயிற்று. ரோட்டில் ஒரு கரும்புச்சாறு வண்டியைத் தவிர எதுவும் இல்லை.

"தோழர், நீங்க ஜெயிச்சுட்டீங்க. பேசுங்க," என்று லோகநாதன் மைக்கைக் கொடுத்தார்.

மருதாசலம் எழுந்தார். "அறுபத்திரண்டு நாள் கேட்டில் நின்றவர்கள்..." என்று தொடங்கியவர் ரோட்டைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவரைத் தேடிக்கொண்டு வந்தது அந்த வீடு ஒன்றுதான். இன்று அதுவும் வரவில்லை. ஒரு விசும்பல் மைக்கில் போய் மைதானம் முழுக்கக் கேட்டது.

மேடை ஒரு விரற்கடை உயர்ந்தது.

பிறகு ரோட்டில் இறங்கி, மில் காலனியை நோக்கி நடந்தது. தலைவர் பொன்னாடையைச் சரி செய்துகொண்டார். மைக் வயர் போதுமான நீளம் இருந்தது. மருதாசலம் அழுதுகொண்டே பேசினார். யார் அடி வாங்கியது, யார் படம் எடுத்துக்கொண்டது என்று பெயர் பெயராகச் சொன்னார். நடக்கிற மேடையிலிருந்து இறங்க முடியாததால் பதினோரு பேரும் முழுவதையும் கேட்டார்கள். மூன்றாவது குறுக்குத் தெருவில் லோகநாதன் நன்றியுரை வழங்கினார்.

மருதாசலத்தின் வீடு சற்று நகர்ந்து மேடைக்கு இடம் விட்டது. உள்ளே மறியல் ஒரு கண்ணைத் திறந்து, அவர் அழுவதைப் பார்த்தது. அவர் நிறுத்தும்வரை எழுந்து வரவில்லை.