அசைந்தது யார்

இருட்டறைத் தட்டில் மிதந்த காகிதத்தில் படம் மெல்ல ஏறி வந்தது. முதலில் பந்தல், பிறகு சனம், நடுவில் நாற்காலியில் சாய்த்து உட்கார்த்திய பேச்சித்தாயின் உடல். முப்பிடாதி குனிந்து பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் கலங்கியிருந்தது. அழுகிறவர்கள் அசையத்தான் செய்வார்கள். ஆனால் பேச்சித்தாயின் முகமும் கலங்கியிருந்தது. நெற்றிக் காசு இரண்டாகத் தெரிந்தது. செத்தவள் அசையமாட்டாள். அப்படியானால் அசைந்தது கேமரா ஸ்டாண்டு.

அந்த ஸ்டாண்டை அவள்தான் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் ஸ்டூடியோ. அங்கே படத்துக்குக் கை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தவள், பி.ஏ. படித்துவிட்டு எத்தனை நாளைக்குப் பென்சிலால் அடுத்தவன் பரு மறைப்பது என்று கேட்டு, வெளியூர்களுக்குப் படம் எடுக்கப் போகத் தொடங்கியது எழுபத்தெட்டாம் வருசத்தில்தான். ஸ்டூடியோவில் ஒரு தேக்கு ஸ்டாண்டு உண்டு. யானை முட்டினாலும் நிற்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் சுமைக்கூலி கேட்பான், இறங்கி மூன்று மைல் நடந்தால் தோள் கழன்றுவிடும். சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள், இல்லாவிட்டால் வெளிவேலை கிடையாது என்று அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார்.

திருநெல்வேலிக் கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று தடித்த காலுள்ளது. முந்நூற்று நாற்பது ரூபாய். மற்றொன்று மெல்லிய அலுமினியம், நூற்றுப்பத்து. மடக்கினால் துணிப்பைக்குள் அடங்கியது, குடையைவிடக் கனம் குறைவு. கடைக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார்: காற்றடித்தால், உயரம் வேண்டுமென்று கடைசிக் கால் துண்டை வெளியே இழுக்காதீர்கள். அவள் கையில் நூற்றிருபதுதான் இருந்தது. ஆகவே கனமில்லாததுதான் நல்லது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

பேச்சித்தாய் செத்தது ஆனி மாதம். குருவிகுளத்துக்கு அங்கிட்டு, மரம் மட்டை இல்லாத கரிசல்காடு. மேல்காற்று பந்தலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சொந்தம் மொத்தமும் படத்தில் விழ வேண்டும் என்றார்கள். உயரம் போதவில்லை. அவள் கடைசித் துண்டையும் இழுத்தாள். பந்தலுக்குள் வெளிச்சம் கம்மி. ஒரு வினாடி திறந்து வைத்தால்தான் படம் விழும். யாரும் அசையாதீங்க, அசைஞ்சா முகம் கலங்கிரும் என்று படமெடுக்கிற எல்லாரையும் போல அவளும் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள். அறுபது வருசம் களையெடுத்த மனுஷிக்கு உயிரோடிருந்தபோது ஒருத்தனும் ஒரு படம் எடுத்துவைக்கவில்லை என்ற எரிச்சலும் அப்போது அவளுக்கு இருந்தது.

முகத்தைப் பென்சிலால் சரிபண்ணு, யாருக்குத் தெரியப்போகுது என்றார் அண்ணாச்சி. அந்தம்மா மூஞ்சி எப்படின்னு எனக்கே தெரியாது, எதைப் பார்த்து வரைய என்று கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்று வைத்துவிட்டார்.

சந்தையன்று பேச்சித்தாயின் மகள் முருகம்மாள் படம் வாங்க வந்தாள். முப்பிடாதி திரைக்குப் பின்னால் இருந்தாள். முகம் ஏன் இப்படி இருக்கு என்று முருகம்மாள் கேட்பதும், அண்ணாச்சி வழக்கமாக எல்லாருக்கும் சொல்வதையே சொல்வதும் கேட்டது: "அசைஞ்சா அப்படித்தாம்மா கலங்கும்."

வெளியே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வெளிவேலை போய்விடும். முப்பிடாதி சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அந்த ஊரிலிருந்து விதை வாங்க வந்த கருத்தப்பாண்டி என்பவர் ஸ்டூடியோ வாசலில் நின்று சொன்னார். முருகம்மாள் சோறு தின்பதில்லையாம். உயிரிருந்தவளைப் புதைத்துவிட்டோம் என்று அழுகிறாளாம். நேற்று இடுகாட்டுக்கே ஓடிப்போய்க் கையால் மண்ணைத் தோண்டியிருக்கிறாள். நாலு பேர் பிடித்து இழுத்து வந்தார்களாம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் முப்பிடாதி இரண்டு ஸ்டாண்டையும் ஏற்றினாள். பொணமா, கட்டிலா என்று கண்டக்டர் கேலி பேசினார். டிக்கெட்டைக் கிழியும் அண்ணாச்சி என்றாள். இறங்கி நடக்கையில் தேக்கு ஸ்டாண்டைத் தோள் மாற்றித் தோள் வைத்துத் தூக்கினாள். வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தாள்.

முருகம்மாள் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். நகமெல்லாம் கரிசல் மண். மடியில் அந்தப் படம்.

"எங்கம்மை அசைஞ்சிருக்கா பிள்ள. நீதானே சொன்ன, அசைஞ்சாத்தான் கலங்கும்னு."

"உங்கம்மை அசையல மதினி. என் ஸ்டாண்டு அசைஞ்சது."

"இப்ப எனக்காகச் சொல்லுத."

"படத்துல உங்கம்மைக்குப் பின்னால நிலைக்கால் இருக்கு பாரும். அதுவும் ரெண்டாத் தெரியுது. உங்க வீட்டு நிலையுமா அசைஞ்சது?"

முருகம்மாள் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கண்ணீரில் எனக்கு எல்லாமே ரெண்டாத்தான் தெரியுது என்றாள்.

முப்பிடாதி அதே நாற்காலியை அதே இடத்தில் போட்டாள். காற்று இன்னும் ஓயவில்லை. அலுமினியத்தில் ஒன்று, தேக்கில் ஒன்று, காலி நாற்காலியை இரண்டு தடவை எடுத்தாள். ராத்தங்காமல் திரும்பி, அண்ணாச்சி ஸ்டூடியோவிலிருந்து தன் வீட்டுக்குப் போன பிறகு இருட்டறையில் அவளே படத்தைக் கழுவினாள். விடிந்ததும் மறுபடி பஸ்.

முருகம்மாள் இரண்டு படத்தையும் வெயிலில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் நாற்காலியின் நாலு காலும் நடுங்கியிருந்தன. இன்னொன்றில் நாற்காலியின் பின்னல், நிலைக்காலில் இழுத்த மஞ்சள் கோடு எல்லாம் எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தன. விரலால் இதிலும் அதிலும் தடவினாள்.

"காலி நாற்காலி என்னத்துக்கு அசையப்போகுது" என்றாள் கடைசியில். "அப்ப எங்கம்மை போனது போனதுதான்."

"ஆமா."

"இதை அன்னைக்கே கடையில வச்சுச் சொல்லியிருக்கலாம்லா?"

"அங்கதான் இருந்தேன். திரைக்குப் பின்னால. வேலை போயிரும்னு வாயத் திறக்கல."

முருகம்மாள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று முப்பிடாதிக்கு இருந்தது. முருகம்மாள் எழுந்து போய்ச் செம்புத் தண்ணீரில் நகத்து மண்ணைக் கழுவினாள். வந்து, தெளிவாயிருந்த காலி நாற்காலிப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கம்மை உட்கார்ந்த எடமாவது ஒழுங்காத் தெரியுது, இதுக்குச் சட்டம் போட்டுக் கொடு என்றாள்.

முப்பிடாதி அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு வாரம் வெளிவேலை தரவில்லை. பிறகு வேறு ஆள் கிடைக்காமல் தந்தார். அலுமினிய ஸ்டாண்டு மூலையில் கிடந்தது. அவள் தேக்கைத்தான் தூக்கிப் போனாள், அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து. அதன்பிறகு எந்த வீட்டிலும் யாரையும் அசையாதே என்று அவள் சொல்லவில்லை. படம் கலங்கினால் அது என் தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள்.