தாடைக்குக் கீழே அலை

எங்கள் ஊரில் கார்த்திகைப் புயல் வரும்போது கடல் செம்மண் மேட்டில் யாராவது ஒருவரின் முகத்தைச் செதுக்கும். மேட்டில் எது உடைகிறதோ, அது அந்த ஆளுக்கும் போய்விடும். இந்த ஆண்டு வந்தது என் மகள் ரெனிஷாவின் முகம். அவளுக்கு ஒன்பது மாதம்.

தவறு என்னுடையது. ஞானஸ்நானம் முடிந்து வரும்போது, பிள்ளையின் முதுகுதான் கடலுக்குத் தெரிய வேண்டும். அது இங்கே வழக்கம். நான் கான்வென்டில் படித்தவள். ஒருவரை அறிமுகப்படுத்தினால் முகத்தைக் காட்ட வேண்டும் என்று சிஸ்டர்கள் சொல்லித் தந்திருந்தார்கள். பிள்ளையைக் கடல் பக்கம் திருப்பி, பெயரையும் சொன்னேன்.

"வீட்டு நம்பரையும் சொல்லிக் குடுத்தியா பிள்ளே?" என்றார் மாமியார்.

முதல் நாள் நெற்றி தெரிந்தது. மறுநாள் கன்னங்கள். மூன்றாம் நாள் அலை தாடைக்குக் கீழே குடையத் தொடங்கியது. மேடு அப்படித்தான் போகும். அடியில் பள்ளம் விழும், மேலே இருப்பது கொஞ்ச நேரம் சும்மா தொங்கும், பிறகு மொத்தமாக இறங்கும். ரெனிஷா வழக்கம்போல என் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால் குடித்தாள். அவள் தாடையிலிருந்து என் மடியில் செம்மண் உதிர்ந்தது.

என் கணவர் டென்னிஸ் மேட்டடிக்குப் போய்க் கையை விட்டு அளந்து வந்தார்.

"ஒரு முழம் உள்ள போயிட்டு. சாயங்காலம் கடல் ஏறும்போ நிக்காது."

"அடியில கல்லு கிடந்தா அலை அதுல அடிச்சுத் திரும்பிரும்," என்றார் மாமியார். "இப்ப கல்லுக்கு எங்க போக?"

பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனேன். அலைக்கு முன்னால் நின்று, தலைத்துணியை எடுத்து, முகத்தைக் காட்டினேன். முழுப் பெயரையும் சொன்னேன்.

கடல் உடனே வேலையைத் தொடங்கியது. மகளின் தாடைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருந்த மண்ணில் என் முகம் வந்தது. அவசர வேலை, அந்த முகம் நிற்கவில்லை. இடது கன்னம் சரிந்தது, காது சரிந்தது, கடைசியில் மூக்கு. எல்லாம் அவள் தாடையின் கீழே போய்க் குவிந்தன. சாயங்காலம் ஏறி வந்த கடல் அந்தக் குவியலில் மோதி மோதித் திரும்பியது. பள்ளம் அதற்குமேல் போகவில்லை.

மறுநாள் காற்று அடங்கியது. பால் குடிக்கும்போது ரெனிஷா என் மூக்கைத் தேடினாள். கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுதாள். எதற்கும் நிறுத்தவில்லை.

டென்னிஸ் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், குவியலிலிருந்து வெளியே உருண்டு வந்து கிடந்த மூக்கைக் கயிறு கட்டித் தூக்கி வந்தார்.

"மைனி, மூக்கு நல்ல கனம்," என்றான் ஒருவன், தோளைத் தேய்த்துக்கொண்டே.

வாசலில் இறக்கினார்கள். ரெனிஷா தவழ்ந்து போய் அதைப் பிடித்தாள். அதைப் பிடித்தபடியே, முதல் தடவையாக எழுந்து நின்றாள்.