மேசையின் அந்தப் பக்கம்

வெளியிலிருந்து அளந்தால் பன்னிரண்டு அடி இருந்த அந்த இஸ்திரிக் கடைக்குள், கடைக்காரர் ஒரு சட்டையை மடித்து வைக்க ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தார். மனைவி இறந்த வருடம் அறை இரண்டு எட்டு நீண்டது, யாரும் பொருட்படுத்தவில்லை. நான்காம் வருடம் உள்ளே இருப்பவரைக் கைதட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது. ஏழாம் வருடம் அவர் தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினார். பக்கத்துச் செருப்புக் கடை ஓர் அங்குலமும் குறையாததால் அதன் சொந்தக்காரருக்குப் புகார் இல்லை. மழைக்குக் கதவு உப்புவதில்லையா, அதுபோலத்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வாடிக்கையாளர்கள்தான் குறைந்தார்கள். திங்கட்கிழமை நேர்காணலுக்குக் கொடுத்த சட்டை வியாழக்கிழமை கிடைத்தால் யார் திரும்பி வருவார்கள்?

எட்டாம் வருடம் மீட்டர் கணக்கெடுக்கப் புதிதாக ஒரு பெண் வந்தாள். மீட்டர் பெட்டியின் சாவி அவரிடம் இருந்ததால், அவர் நடந்து வரும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து, ஒரு நிமிஷம் என்று கைகாட்டிவிட்டு அடுத்த சட்டையைத் தேய்த்தார், அதை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார், அங்கே மடித்தார், திரும்ப வந்து வாசலோர அலமாரியில் அடுக்கினார். அதுவரை இஸ்திரிப் பெட்டி சும்மா கொதித்துக்கொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. தேய்க்கிறது இங்க, அடுக்குறதும் இங்க. மடிக்க மட்டும் ஏன் அவ்வளவு தூரம் போறீங்க?"

"மடிக்கிறது அந்தப் பக்கம்தாம்மா."

"அந்தப் பக்கம் யார் இருக்கா?"

அவர் மீட்டர் பெட்டியைத் திறந்துவிட்டார். இருபத்தாறு வருடம் அவர் தேய்த்துத் தள்ளிய துணியை மனைவி எதிரே நின்று மடித்துத் திருப்பித் தள்ளினாள். அவள் போன பிறகு அவளுடைய கைகளின் வேலையை இவருடைய கால்கள் எடுத்துக்கொண்டன. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. நேற்று வந்தவள் தனக்கு வேலை சொல்லித்தருகிறாள் என்று செருப்புக் கடைக்காரரிடம் பொருமினார். அவர் அறுந்த வாரைத் தைப்பதை நிறுத்தவில்லை. அது இன்னும் உறுத்தியது.

ஐந்தாம் நாள் முழங்கால் வலியில், யாரோ ஒருவருடைய சட்டையை நின்ற இடத்திலேயே மடித்துவிட்டார். காலர் கோணிக்கொண்டது, வேறு எதுவும் நடக்கவில்லை. அடுத்ததையும் அங்கேயே மடித்தார். சாயங்காலத்துக்குள் பின்சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. பதினைந்து நாளில் அறை பழையபடி பன்னிரண்டு அடிக்கு வந்தது. விட்டுப்போனவர்கள் துணியோடு திரும்பினார்கள். வேலை மதியத்துக்குள் முடிந்தது. மிச்சப்பட்ட பொழுதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டினால் மேசையின் அந்தப் பக்கம் எட்டியது. அங்கே யாரும் இல்லை. அது அவருக்குத் தெரிந்ததுதான். இத்தனை பக்கத்தில் தெரிந்ததில்லை. நடந்த வருடங்களில் பாதி நேரமாவது அவர் அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, ஊரார் துணியெல்லாம் அடுக்கிய பிறகு, தன்னுடைய சட்டை ஒன்றைத் தேய்த்து ஏந்திக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார். அறை வழிவிட்டது. ஐந்து மணிக்குத் திரும்பியபோது சட்டை மடிந்திருந்தது, காலர் கோணாமல்.

அன்றிலிருந்து தினமும் அந்த ஒரு சட்டை. அந்த நேரத்தில் யாராவது துணியோடு வந்தால், செருப்புக் கடைக்காரர் தையலிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "வீட்டுக்காரம்மாகிட்ட போயிருக்கார். அஞ்சு மணிக்கு வந்துடுவார்." அவர்களும் மூட்டையை பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார்கள்.