ஒத்தைத் தோடு

மஹாலட்சுமியின் இடது காதில் அம்மாவின் வைரத்தோடு. வலது காதில் அதற்கு ஜோடியாகச் செய்துகொண்ட புதுத்தோடு. இரண்டுமே ஏழு கல். பதினொரு வருஷமாக இப்படித்தான்.

அம்மா போனபின் நகைகளைப் பிரித்துக்கொண்டபோது தோட்டை மட்டும் விட்டுக்கொடுக்க அக்காவுக்கும் மனமில்லை, தங்கைக்கும் மனமில்லை. "ஆளுக்கு ஒண்ணு. போதுமா?" என்று அக்கா உதயா ஒற்றைத் தோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதோடு பேச்சு நின்றது. உதயா இருப்பது கீழ்க்கட்டளையில். மஹாலட்சுமி இருக்கும் சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி நேரம். கேம்ப் ரோட்டில் அவள் சாயலில் யாராவது போனால் மஹாலட்சுமி முதலில் காதைத்தான் பார்ப்பாள்.

இன்று பழைய தோட்டில் ஒரு கல் ஆடியது. பழைய நகை என்றால் தாம்பரத்தில் சம்பத் கடை என்றார்கள். கழற்றிக் கொடுத்தாள்.

சம்பத் லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு அவளுடைய வலது காதைப் பார்த்தார்.

"அது ரவுண்ட் கட்டிங். மெஷின்ல அளந்து வெட்றது, ஏழும் ஒரே அச்சு. இது கையால பட்டை போட்டது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. கல்லோட அடியில இருக்கிற கூர் முனைய வெட்டி விட்டிருக்கான், நடுவுல சின்னக் கண்ணு மாதிரி தெரியுது பாருங்க."

"புதுசுதான் பளிச்சுனு இருக்குங்கிறாங்க எல்லாரும்."

"கடை லைட்டுல அப்படித்தாம்மா. புதுசு பொடிப்பொடியா மின்னிக்கிட்டே இருக்கும். பழசு, தலையத் திருப்பினா ஒரே ஒரு வாட்டி, பெருசா அடிக்கும்."

அவளுக்குத் தெரியும். கூப்பிட்ட குரலுக்கு அம்மா திரும்பும்போது அப்படித்தான் அடிக்கும். உதயாவும் அம்மா மாதிரியே திரும்புவாள்.

"ஒரு அதிசயம்மா," என்றார் சம்பத். "உங்கள மாதிரியே இன்னொருத்தங்க வந்தாங்க. ஒரு காது பழசு, ஒரு காது புதுசு."

இழுப்பறையிலிருந்து ஓர் ஒத்தைத் தோட்டை எடுத்து அவளுடையதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அடிக்கல் மட்டும் டீத்தண்ணி நிறம்.

மஹாலட்சுமி தொடவில்லை.

"விக்கவா குடுத்தாங்க?"

"இல்ல. இதே கட்டிங்ல ஜோடி தேடித் தரணுமாம். கெடைக்காதும்மா, ரவுண்டுக்கே பழகிக்குங்கன்னேன். 'எங்கயோ இருக்கு, பாருங்க'ன்னாங்க." குரலைத் தாழ்த்தினார். "நீங்க குடுத்தா என்ன கேட்டாலும் தருவாங்க. நாலு மணிக்கு வராங்க."

"குடுக்கிறதுக்கு இல்லண்ணா."

"அப்ப கல்ல இறுக்கித் தரேன், எடுத்துட்டுப் போங்க."

"வேணாம். ரெண்டும் அப்படியே இருக்கட்டும்."

சுவரில் மணி பன்னிரண்டு.

"நாலுக்குத்தாம்மா வருவாங்க. வீட்டுக்குப் போய் சாப்ட்டு வாங்களேன்."

"நான் போய்ட்டா அவ சீக்கிரம் வந்துடுவா. எப்பவும் அப்படித்தான்."

சம்பத் நிமிர்ந்து பார்த்தார். அவள் மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்து, வெறும் காது வாசல் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள்.