கைதட்டாட்டி ஏன்னு கேப்பாக

“எம்மா, காலைக் கொஞ்சம் மடக்கு, ஒயரு போகணும்” என்று மகன் ஜெயக்குமார் சொன்னபோது, ராக்கம்மாள் புருஷன் ராமசுப்புவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். காலை மடக்கிக்கொண்டாள். கறுப்பு ஒயர் அவள் முழங்காலை உரசிக்கொண்டு, அவர் கிடந்த பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, வாசல் பந்தலுக்குப் போயிற்று. அங்கே சீனிச்சாமி டிவிப் பெட்டியை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தான். அருப்புக்கோட்டையில் வீடியோ டெக்கு வாடகைக்கு விடுகிறவன். டிவியை பஸ்ஸின் மேலே போட்டுவிட்டு, டெக்கை மட்டும் பெத்த பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

அந்தப் பக்கத்தில் பேரன் பேத்தி எடுத்தவர் செத்தால் அது கல்யாணச் சாவு. பிணம் ராத்தங்கினால் சனமும் தங்க வேண்டும். சனம் தூங்காமலிருக்க ஒரு காலத்தில் கூத்து வைத்தார்கள், இப்போது டெக்கு வைக்கிறார்கள். மகள் சுபத்ரா பம்பாயிலிருந்து ரயிலேறியிருந்தாள். அவள் வந்து முகம் பார்க்க நாளை உச்சிப்பொழுதாகிவிடும். அதுவரைக்கும் ராமசுப்பு மரத்தூளும் ஐஸ்கட்டியுமாகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான், வேறென்ன செய்ய?

“என்ன படம்லே கொண்டாந்திருக்க?” என்று கேட்டான் மருதுபாண்டி. ராமசுப்புவுக்குப் பங்காளி, தம்பி முறை. சினிமாக் கொட்டகையில் முதல் விசில் எப்போதும் அவனுடையதுதான்.

“போலீஸ் படம் சித்தப்பா. இன்ஸ்பெக்டரு ஒவ்வொருத்தனையா ஸ்டேஷனுக்குள்ள இழுத்துப் போட்டு உரிப்பாரு பாருங்க, அடேயப்பா!”

“அப்ப சரி. அண்ணனுக்குத் தோதான படம்தான்.”

ராக்கம்மாள் ஈ ஓட்டுவதை விட்டாள். மகனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“ஏய்யா, சாமி படம் ஏதாச்சும் போடச் சொல்லேன்.”

“அந்த கேசட்டெல்லாம் வெளிய போயிருச்சாம்மா. இது ஒண்ணுதான் கைவசம் இருக்காம். ஏம்மா, அய்யா இந்த மாதிரிப் படத்துக்குத்தான விடாமக் கைதட்டுவாக? கடைசியா அவுகளுக்குப் பிடிச்சதே ஓடட்டுமே.”

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். “என் பொணம் வேகுற வரைக்கும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்படாது” என்று பிள்ளைகள் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார் மனுஷன். பிணம் இன்னும் வேகவில்லையே! வாயைத் திறந்தால் இவன் தலைக்கும், ரயிலில் வந்துகொண்டிருக்கிறவள் தலைக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? திறக்காவிட்டாலோ, காதுக்கு எட்டும் தூரத்தில் அந்தச் சத்தத்தைப் போட்டு அவரை ராமுழுக்கப் படுக்கவைத்திருப்பார்கள்.

அது நடந்து எட்டு ஒன்பது வருஷம் இருக்கும். மாசிக் கடைசியில் பருத்தி ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். கமிஷன் கடையில் நிறுவை முடியாமல் இருட்டிவிட்டது. மூட்டைமேலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். விடிந்து பார்த்தால் கடையின் பண மேசை உடைந்து கிடந்தது. அங்கே படுத்திருந்தவனைத்தானே பிடிப்பார்கள்? ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஊர் ஸ்டேஷன் என்பதைக்கூட அவர் அவளிடம் சொன்னதில்லை. சில நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். கடைக்காரரின் மச்சினன்தான் திருடன் என்று தெரிந்துபோய், “டீ குடிச்சிட்டுப் போ பெருசு” என்று அனுப்பிவிட்டார்களாம். ஊருக்கு, வண்டி குடைசாய்ந்துவிட்டது என்று சொல்லிவைத்தார்கள். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தவள் ராக்கம்மாள். முதுகில் அவள் விரல் வைக்க நல்ல இடம் தேட வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் அவர் சரியான சினிமாப் பைத்தியம். திரையில் போலீஸ்காரன் லத்தியை எடுத்தால் இவர் இங்கே தொடையைத் தட்டிக்கொண்டு, “போடு, போடு! நாலு போட்டாத்தான் உண்மையக் கக்குவான்” என்பார். ஒத்தடம் கொடுத்த அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு பேசினார்.

“ஏ புள்ள, படத்துல அடிச்சா உண்மையக் கக்குறான்ல? நானும் அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எனக்குப் பொய்யில்ல வந்துச்சு? ஆமா சாமி, நாந்தான் எடுத்தேன்னேன். எங்க வச்சன்னான். ஊரணிக் கரையில பொதச்சேன்னேன். போய்த் தோண்டிப் பாத்துட்டு, பொய்யா சொன்னன்னு வந்து அதுக்கும் அடிச்சான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் ராக்கம்மாளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டுதான் வரும். களவாணிப் பயல் ஊரில் மைனராகத் திரிந்தான். களவே செய்யாதவர் களவாண்டேன் என்று தன் வாயால் சொன்ன வெட்கத்தில், சாகும்வரை நிமிர்ந்து உட்காரவில்லை.

அந்த ஆடியில் ஊரே டிராக்டர் ஏறிக் கொட்டகைக்குப் போயிற்று. தரையில் ஆணும் பெண்ணும் தனித்தனி. இடுப்பு வலி என்று சொல்லி சேர் டிக்கெட் எடுத்து, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காமெடி சீன் ஒன்று வந்தது. திருடனைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்காலில் அடிக்கிறார்கள், அவன் விதவிதமாகக் கத்துகிறான். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. ராமசுப்புவும் சிரித்தார், கைதட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் வேட்டி நனைந்து, சேரிலிருந்து மண்ணில் சொட்டியது. ராக்கம்மாள் கையிலிருந்த கலர் சோடா பாட்டிலை அப்படியே அவர் மடியில் கவிழ்த்தாள். “அய்யய்யோ, கைதவறிருச்சே! எங்கூறுகெட்ட கையி!” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பி அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “இந்தக் கருமத்துக்கு எதுக்குக் கைதட்டுனீக?”

“கைதட்டாட்டி ஏன்னு கேப்பாக புள்ள.”

அப்புறம் ஒரு போலீஸ் படத்தையும் அவர் விடவில்லை. எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். ஒவ்வொரு தடவையும் ராக்கம்மாள், குடிக்காத கலர் பாட்டில் ஒன்றைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் பெற்ற மகனே, அய்யாவுக்குப் பிடித்த படம் என்று முடிவு கட்டியிருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

விளக்கு வைத்ததும் படம் ஆரம்பித்தது. சீனிச்சாமி பெரிய ஸ்பீக்கர் வேறு கொண்டுவந்திருந்தான், பாவி. சனம் சாக்கை விரித்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்தது. பாட்டு, கல்யாணம், சண்டை எல்லாம் வந்தது. ராக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஸ்டேஷன் வந்தது. இன்ஸ்பெக்டர் கைச்சட்டையை மடித்துவிட்டார். லத்தி விழுந்தது. ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் பெஞ்சு அதிர வந்தது.

“சொல்லிர்றேன் சார்! உண்மையச் சொல்லிர்றேன்!”

பந்தலில் கைதட்டல். மருதுபாண்டி நாக்கை மடித்து ஒரு விசில் விட்டான், தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ராக்கம்மாள் இரண்டு கையாலும் புருஷனின் காதுகளைப் பொத்தினாள். ஐஸில் கிடந்த காது, கை விறைத்தது. எவ்வளவு நேரம் பொத்த முடியும்? அடுத்த அடி விழுந்தது, அதற்கடுத்ததும் விழுந்தது. சத்தியம் அவளுக்கு நினைப்பிலேயே இல்லை. குரல் தானாகக் கிளம்பிவிட்டது.

“வெள்ளப் பருத்தி ஏத்தி வெளுக்கு முன்ன போனவுகள
கள்ளப் பட்டம் கட்டி கம்பால அடிச்சாகளே…”

ஒப்பாரி என்றதும் பக்கத்துவீட்டு ஜக்கம்மாள் ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து இழுத்தாள். இழுக்கிறபோதுதான் என்ன படிக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அவள் குரல் பாதியில் நின்றுவிட்டது. ராக்கம்மாள் நிற்கவில்லை.

“வண்டி கவுந்ததின்னு வாயடச்சுக் கெடந்தேனே!
மண்டியிட்டுக் கும்பிட்டும் மனமெரங்காப் போனாகளே!
கேட்டாகளே கேட்டாகளே, செய்யாத களவையெல்லாம்
ஆத்தமாட்டா வலியில ஆமான்னு சொன்னீகளே…”

கொட்டகையில் நனைந்த வேட்டியை மட்டும் அவள் பாடவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கு உள்ளது.

யாரோ “சத்தத்தக் கொறலே” என்றார்கள். சீனிச்சாமி பதறிப்போய்ச் சத்தத்தை மொத்தமாக அமர்த்திவிட்டான். படத்தை நிறுத்த அவனுக்குத் தோன்றவில்லை. ஜெயக்குமார் உள்ளே வந்து அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அய்யாவின் முகத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

“வண்டியில விழுந்தாகன்னுதானம்மா சொன்னீக” என்றான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். ராக்கம்மாள் அவன் தலையில் கையை வைத்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

பந்தலுக்குள்ளிருந்து மருதுபாண்டி எழுந்தான். டிவியை மறைத்துக்கொண்டு குறுக்கே நடந்து வந்தான். ஒருத்தரும் அதட்டவில்லை. பெஞ்சின் கால்மாட்டில் வந்து, தரையில் உட்கார்ந்தான்.

“எந்த ஸ்டேஷன் மதினி?” என்று மெதுவாகக் கேட்டான்.

“தெரியல தம்பி. கடைசி வரைக்கும் சொல்லல.”

அவன் விரலால் தரையைக் கீறினான்.

“மேக்க உள்ளதுன்னா, அங்க சன்னல் கெடையாது” என்றான். “விடிஞ்சதா, அடஞ்சதான்னே தெரியாது.”

ராக்கம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு ஏன் விசிலடித்தாய் என்று அவள் கேட்கவில்லை. பந்தலில் படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மருதுபாண்டி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். டிவியின் நீல வெளிச்சம் அவன் வெள்ளைச் சட்டையில் விழுவதும் மறைவதுமாக இருந்தது.