நன்றாக நடிக்கும் நோயாளி

1

செவிலியர் மாணவிகளின் பாடநூலுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் பற்றி என்னிடம் ஓர் அறிமுகப் பாடம் கேட்டார்கள். "நடுவுல ஒரு சின்னக் கதையும் வைங்க, மனசுல நிக்கும்" என்றார் பதிப்பாசிரியர். அந்தச் சின்னக் கதைதான் பாடத்தைத் தின்றுவிட்டது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'புராஸ்டேட், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் சிறு சுரப்பி. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் அவர்களுக்கும் அபாயம் கூடுதல். ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும்...'

தகவல் சரி. ஆளைக் காணோம். அடித்துவிட்டேன்.

2

ஆள் இதோ: செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒருத்தி. நோயாளியைப் பேசவைப்பதில் அவளை விஞ்ச ஆளில்லை. ஆண்டுதோறும் புராஸ்டேட் வகுப்புக்கு முந்தின மாலை, சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்ப்பாள். நோயாளி வேடம் கணவருக்கு. தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர். வாயைத் திறந்தால் கிண்டல்.

"ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்குங்களா ஐயா?"

"இருக்கு சிஸ்டர். முக்கி முக்கி நின்னாலும் சொட்டுச் சொட்டாத்தான் வருது. வண்டியில உக்காந்திருக்கவன் எல்லாம் என்னைத் திட்டுறான்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நடிப்புல உங்கள அடிச்சுக்க முடியாதுங்க."

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: இந்தத் தொல்லை பெரும்பாலும் புற்றல்லாத வீக்கத்தால் வரும். எது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். சிரித்துச் சொல்ல முடியாது.)

அடுத்த ஆண்டு ஒத்திகையில், "இடுப்பெலும்பு குடையுது சிஸ்டர்" என்றார்.

"ஐயோ, அத இப்பவே சொல்லாதீங்க. அது எலும்புக்குப் பரவின பிறகு வர்றது. நாளைக்கு ஆரம்ப நிலைதான் நடத்துறேன்."

"சரி, வலி வாபஸ்."

3

அவர் ஏன் வேடத்தைக் கழற்றிவிட்டுச் சொல்லவில்லை? 'கோழை' என்று எழுதி அடித்தேன். பெண்டாட்டியிடம் சொல்லக் கூசியதைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டார். இரண்டு தடவை சொன்னவரை எப்படிக் கோழை என்பது?

கடைசியில் சோதித்தபோது, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதம் எகிறியிருந்தது. சதைத்துணுக்குச் சோதனை நோயை உறுதி செய்தது. ஸ்கேனில் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் புள்ளி புள்ளியாக. இனி ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி. உடம்பு அனலாய்க் கொதிக்கும், ஆசை அவியும், எலும்பு மெலியும். ஊசி போட வந்தவள் ஆசிரியையின் பழைய மாணவி.

"மேடம், நல்லா நடிப்பார்னு கிளாஸ்ல சொல்வீங்களே, அந்த சார்தானே?"

4

"ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சதா மாத்திடுங்க சார், பாடப் புத்தகம் பாருங்க" என்றார் பதிப்பாசிரியர். மாற்றிப் பார்த்தேன்: அறுவை சிகிச்சை, பூரண குணம், பூங்கொத்து. வாய் கூசாத பொய்.

இன்னொன்று: 'அவள் வேலையை விட்டுவிட்டு' — இல்லை. அழுது தப்பித்துக்கொள்ள அவளை விடமாட்டேன்.

நாளை அதே பாடம். அவள் கூப்பிடவில்லை, அவராகவே கைத்தடியை ஊன்றி வந்து மேசையின் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுக்குப் போறதுல..." அவள் தொடங்கினாள்.

"கேளுங்க சிஸ்டர். இந்தத் தடவை நடிக்கவா, நெசத்தச் சொல்லவா? எதச் சொன்னா நம்புவீங்க?"

மாணவியே, அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். அந்த நாற்காலியில் நீ உட்கார். சிரிக்காமல் கேள்.